மிதிவண்டி சுமந்த வெள்ளிக்கிழமை

தன் சொந்த மலையைப் பற்றி ஒருவன் பெருமை பேசத் தொடங்கினால், அந்த மலையில் கடைசியாக எப்போது கால் வைத்தாய் என்று யாராவது இடைமறித்துக் கேட்டுவிட வேண்டும். என்னை எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இறுக்கமான அரைக்கால் சட்டையின்மேல் இரவல் துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு, ஒரு முழு மிதிவண்டியைத் தோளில் சுமந்தபடி, செபம் சொல்லிச் செல்லும் பெருங்கூட்டத்தின் நடுவே நான் மலையேற நேர்ந்திருக்காது.

நான் பிறந்து வளர்ந்தது மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தில். வேலை பார்ப்பது கொழிஞ்சாம்பாறையில், தமிழாசிரியனாக. கொழிஞ்சாம்பாறை நல்ல ஊர்; ஆனால் தட்டையான ஊர். மிதிவண்டியில் ஏறி உட்கார்ந்தால் எதிர்க்காற்றைத் தவிர வேறு எதிரி இல்லை. அங்கே என் கூட்டாளி கனகராஜ். தென்னந்தோப்பும் தேங்காய் வியாபாரமும் உடையவர். என் வயதுதான்; ஆயினும் என்னை ‘வாத்தியாரே’ என்றுதான் அழைப்பார் (திட்டும்போதுகூட ‘ங்க’ குறையாது). இருவரும் ஒரே சமயத்தில் ‘கிராவல் சைக்கிள்’ வாங்கினோம். ஆட்டுக்கடாவின் கொம்பு போல வளைந்த கைப்பிடி, தடித்த சக்கரம்; தார்ச்சாலையிலும் ஓடும், சரளையிலும் ஓடும், கடைக்காரர் சொன்னதை நம்பினால் எங்கும் ஓடும். விடிந்ததும் வாய்க்கால் கரைகளில், பனைமரங்களுக்கிடையே ஓட்டுவோம். முடித்துத் தேநீர்க் கடையில் அமரும்போதெல்லாம் நான் ஒரே பல்லவியைப் பாடுவேன். இதெல்லாம் ஒரு பாதையா? எங்கள் மலைக்கு வந்து பாருங்கள். ஏலக்காட்டின் நிழலில் இறக்கம், கீழே பள்ளத்தாக்கில் ஆறு, அக்கரையில் ஏற்றம், உச்சியில் தேயிலை. அந்தப் பாதைகளெல்லாம் எனக்கு உள்ளங்கை போல என்பேன். (உள்ளங்கையை யார்தான் உற்றுப் பார்க்கிறோம்?)

கனகராஜ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள், தேங்காய் ஏற்றும் தம் வேனைக் காட்டி, “ஏனுங்க வாத்தியாரே, பேசியே எத்தன நாளைக்கு ஓட்டுவீங்க? வண்டில சைக்கிளப் போடுங்க, போயிட்டு வந்தர்லாம்” என்றார்.

இங்கேதான் ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். நான் பெருமை பேசிய பாதைகள் இருக்கும் சாந்தன்பாறை வட்டாரத்தில் என் முகம் யார் கண்ணிலும் படக்கூடாது என்பது அப்போது எங்கள் வீட்டுச் சட்டம். காரணம் என் மாமனார்.

என் மனைவி செலின் சாந்தன்பாறைக்காரி; கத்தோலிக்கக் குடும்பம். நான் சி.எஸ்.ஐ., அதாவது புராட்டஸ்டண்ட். வெளியில் இருப்பவர்களுக்கு இரண்டும் ஒரே சிலுவைதான். உள்ளே இருப்பவர்களுக்கு நடுவில் ஒரு மலைத்தொடரே உண்டு. திருமணம் எங்கள் சபையில் நடந்தது. செலினின் தந்தை ஆரோக்கியசாமி, ஏலத்தோட்டமொன்றின் மேற்பார்வையாளர், தம் தேவாலயப் பங்கில் எந்தக் காரியத்துக்கும் முன்னிற்பவர். அவர் திருமணத்துக்கு வரவில்லை. அதன்பின் மூன்று ஆண்டுகளாக என்னோடு ஒரு சொல் பேசவுமில்லை. பெண் கேட்டுப் போன அன்று வாசலில் நின்று, “நடக்காது” என்று அவர் சொன்ன ஒற்றைச் சொல்தான் எங்கள் உரையாடலின் முழுத் தொகுப்பு. குரல் மட்டும் மறக்கவில்லை. தோட்டத்தின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடி ஆட்களை வேலைக்கு அழைக்கும் குரல் அது.

செலின் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போக வேண்டும் என்பது அவளுக்கு உயிரான ஆசை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருந்தாள்: அப்பா வாய்திறந்து அழைத்தால் மட்டுமே போவாள், அம்மா திருட்டுத்தனமாக அழைத்தால் போக மாட்டாள். பிடிவாதம் அவளுக்கு யாரிடமிருந்து வந்தது என்பதில் எனக்கு ஐயமே இருந்ததில்லை. மாமியார் தொலைபேசியில் ரகசியமாக உறுதி கொடுத்திருந்தார்: உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) வரும்வரை பொறுத்திருங்கள். நான் மெல்ல மெல்ல அவர் மனத்தைக் கரைத்து வருகிறேன். அதுவரை மாப்பிள்ளை இந்தப் பக்கம் தலைகாட்டி அவரைக் கிளப்பிவிட வேண்டாம். செலினும் புறப்படும்போது அதையே சொல்லியனுப்பினாள்: “மலையப் பாருங்க, ஆத்தப் பாருங்க. எங்கப்பாவ மட்டும் பாத்துராதீங்க.”

ஆகவே பாதையை வகுப்பதில் நான் செலுத்திய கவனம் சாதாரணமானதன்று. கைபேசியில், மற்றவர்கள் போன தடங்களை ஒளிரும் கோடுகளாகக் காட்டும் நிலப்படம் ஒன்று உண்டு. அதிகம் பேர் போன தடம் அதிகமாக ஒளிரும். சாந்தன்பாறைக் கடைத்தெருவைத் தொடாமலே உச்சிக்குப் போக வழியுண்டா என்று துழாவினேன். இருந்தது. பன்னியாற்றின் கரையிலிருந்து ஏலக்காட்டை ஊடுருவி நேரே மலைமுகட்டுக்கு ஏறும் கோடு ஒன்று, பொன்கம்பி போல மின்னியது. இத்தனை பேர் ஓட்டியிருக்கிறார்கள் என்றால் அது எத்தகைய பாதையாக இருக்க வேண்டும்! மாமனாரின் எல்லைக்குள் நுழையாமலே நுழைந்து வெளியேறும் ராஜபாட்டையைக் கண்டுபிடித்த பெருமையில் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

ஆண்டுத்தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கியிருந்தது. வேனில் மூணாறு சென்று என் அண்ணன் வீட்டில் தங்கினோம். மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, வேனைச் சாந்தன்பாறைக்கு முந்திய பூப்பாறையில் நிறுத்திவிட்டு மிதிக்கத் தொடங்கினோம்.

முதற்பாதியைக் குறித்து இன்றும் எனக்குச் சிறிதும் நாணமில்லை. நான் அளந்த பெருமை அத்தனையும் உண்மையென்று மலை சாட்சி சொன்னது. தோட்டத்துச் சரளைப் பாதை, பெருமரங்களின் நிழலில், மனிதனைவிட உயரமான ஏலச்செடிகளுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கியது. கோடைமழைக்கு அப்போதுதான் பூத்த காப்பிப் பூ இருபுறமும் வெளுத்துக் கிடந்தது. சக்கரத்தடியில் சரளை பொரிந்தது. ஆற்றை ஒரு சிறு பாலத்தின் வழியே கடந்தோம். கனகராஜ் பாலத்தின் நடுவில் நின்று, தண்ணீரைப் பார்த்து, மலையைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, “நீங்க சொன்னது கம்மிங்க” என்றார். வாழ்நாளில் எனக்குக் கிடைத்த விருதுகளில் அதை முதலில் வைப்பேன். (வேறு விருதில்லை.)

பாலத்துக்கு அப்பால் பொன்கம்பி தொடங்கியது. பாதை குறுகிற்று, பிறகு செங்குத்தாயிற்று. திருப்பமொன்றில், வெள்ளையடித்த சிறு சிமெண்டுச் சிலுவை. விபத்தில் யாரோ இறந்த இடம் போலும் என்று கருதி, “பார்த்து வாருங்கள், ஆபத்தான திருப்பம்” என்று எச்சரித்தேன். சிறிது தொலைவில் இரண்டாவது சிலுவை. ஜீப்புகளை இங்கே மிக மோசமாக ஓட்டுகிறார்கள் என்று வருந்தினேன். மூன்றாவதைக் கண்டதும் கனகராஜ் மிதிவண்டியை நிறுத்திவிட்டார்.

“இத்தன பேரு செத்துருக்காங்கன்னா, நாம திரும்பிப் போயர்லாமுங்க.”

அந்த நேரத்தில்தான் மேலிருந்து, மரங்களுக்கிடையே, ஒலிபெருக்கியில் ஒரு குரல் இறங்கி வந்தது. செபம் சொல்லும் குரல். அதைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கானோர் ஒன்றாக மறுமொழி சொன்னார்கள். தோட்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கும் குரல். ஒரே சொல்லில் என் திருமணப் பேச்சை முடித்துவைத்த குரல்.

அது சிலுவை மலை. ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் பங்கு மக்கள் சிலுவைப் பாதை செய்து ஏறும் மலை. இயேசு சிலுவை சுமந்து மூன்று முறை விழுந்து எழுந்த வழியின் பதினான்கு நிலைகளுக்குப் பதினான்கு சிலுவைகள். பக்கத்து மலையில் பிறந்தவனுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. தவக்காலம் எங்களுக்கும் உண்டு; லெந்து நாட்கள் என்போம். ஆனால் எங்கள் லெந்து, ஆலயத்தினுள், நாற்காலியில், மின்விசிறியின் கீழ் நடப்பது. பொன்கம்பி ஒளிர்ந்த காரணம் பிற்பாடு விளங்கியது. அந்தத் தடத்தில் ஒருவர்கூட மிதிவண்டி ஓட்டியதில்லை. வெள்ளிதோறும் மலையேறிய பங்கு இளைஞர்களின் தடம் பதியும் கைக்கடிகாரங்கள் சேர்ந்து போட்ட கோடு அது.

திரும்பிவிடலாம் என்று பார்த்தால், கீழே பாலத்தருகில் நாலைந்து ஜீப்புகளில் வந்து இறங்கிய வேறொரு கூட்டம், பெரிய மரச்சிலுவை ஒன்றைத் தூக்கிக்கொண்டு, ஒற்றையடிப் பாதையை முழுவதுமாக அடைத்து ஏறி வந்துகொண்டிருந்தது. மேலே மாமனார், கீழே சிலுவை, இருபுறமும் ஏலம்.

தோளில் நாடா அணிந்த தொண்டர் ஒருவர் எங்களை வந்து மறித்தார். வெள்ளிக்கிழமை இந்த மலையில் எந்த வண்டியும் ஏறக்கூடாது என்று தெரியாதா என்று கண்டிப்பாகக் கேட்டார். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். கனகராஜ் முந்திக்கொண்டார். அவர் ஆண்டுதோறும் பழனிக்குக் காவடி எடுப்பவர். மலை, கூட்டம், செபம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“ஓட்டலீங்க. சொமந்துட்டுப் போறோமுங்க. நேத்திக்கடன்.”

இதைச் சொல்லிக்கொண்டே மிதிவண்டியைத் தூக்கித் தோளில் வைத்துவிட்டார். நானும் வைக்க வேண்டியதாயிற்று. தொண்டரின் முகம் மாறியது. சைக்கிளைச் சுமப்பதாக நேர்ந்துகொண்டவர்களை அவர் அதுவரை கண்டதில்லை. எதற்காக நேர்ச்சை என்று மரியாதையாகவே கேட்டார்.

“இவரு மாமனாரு இவருகூடப் பேசறதில்லீங்க. பேசோணும்னு.”

நான் கனகராஜின் காலை மிதித்தேன். அவர் அதற்குள் காலணியைக் கழற்றி மிதிவண்டியில் கட்டிவிட்டு, காவடிக்காரருக்குரிய பக்தியோடு வெறுங்காலில் நின்றிருந்தார்; வலித்திருக்கும். ஆனால் அதை ஏதோ ஊக்கமாக எடுத்துக்கொண்டாரோ என்னவோ, மாமனார் யார் என்று தொண்டர் அடுத்துக் கேட்ட கேள்விக்கும் தயங்காமல் விடை சொன்னார்.

“ஆரோக்கியசாமின்னு, சாந்தன்பாறைங்க.”

தொண்டர் அண்ணாந்து, ஒலிபெருக்கிக் குரல் வந்த திசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒதுங்கி வழிவிட்டார்.

அதன்பின் நடந்ததை மலையேற்றம் என்று சொல்வது மலைக்கு அவமரியாதை. மிதிகட்டையில் பூட்டிக்கொள்வதற்காக அடியில் இரும்புக் கட்டை வைத்த காலணி நான் அணிந்திருந்தது. அது மிதிகட்டையை விட்டு அகலாது. பாறையில் ஒரு கணமும் நிற்காது. குதிரை லாடம் போல ‘டக் டக்’ என்று ஒலியெழுப்பிக்கொண்டு, ஒவ்வொரு நிலையிலும் நின்று, முழந்தாளிட்டு, எழுந்து, மீண்டும் சுமந்தேன். எனக்குப் பின்னால் வந்த பெண், மேரி அக்கா, ஏலக்காட்டில் வேலை செய்பவர். என் அரைக்கால் சட்டையைச் சிறிது நேரம் பொறுத்துக்கொண்டே வந்தவர், கடைசியில் தம் தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டி, “இதக் கட்டிக்கோங்க தம்பி. சாமி காரியம்” என்றார். கட்டிக்கொண்டேன். இவரிடமாவது உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று, நாங்கள் வழி தவறி வந்துவிட்டோம் என்றேன்.

“எல்லாரும் அப்பிடித்தான் தம்பி வர்றோம்” என்றார்.

முதல்முறை விழுந்தது ஈரமான வேரொன்றில். இரண்டாம் முறை, வளைந்த கைப்பிடி காப்பிக் கிளையில் சிக்கி என்னைப் பின்னுக்கு இழுத்தது. ஒவ்வொரு முறையும் நாலைந்து கைகள் என்னைத் தூக்கி நிறுத்தி, மிதிவண்டியை மீண்டும் தோளில் வைத்தன. எவரும் சிரிக்கவில்லை; அதுதான் என்னைக் கொன்றது. மேரி அக்கா மட்டும், துண்டின் மண்ணைத் தட்டிவிட்டு, இயல்பான குரலில், “ரெண்டாச்சு. இன்னும் ஒண்ணு இருக்கு, பாத்து வாங்க” என்றார்.

இதற்குள் செய்தி எங்களைவிட வேகமாக மேலேறிக்கொண்டிருந்தது. முன்னால் சென்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தவர் முன்னவரின் காதில் சொன்னார். பத்தாம் நிலையில் ஒலிபெருக்கி திடீரென்று நின்றது. காட்டில் ஒரு வண்டின் ரீங்காரம் மட்டும் கேட்டது. செய்தி மாமனாரை அடைந்துவிட்டது. பிறகு செபம் தொடர்ந்தது. ஆனால் குரல் சற்றே தணிந்திருந்தது. மாமியார் இத்தனை மாதமாகக் கரைத்து வைத்த மனம் அந்த நொடியில் கல்லாகிவிட்டது என்று எண்ணினேன். செலினிடம் என்ன சொல்வேன்? ஆற்றைப் பார்த்தேன், மலையைப் பார்த்தேன், நீ பார்க்க வேண்டாம் என்று சொன்னவரையும் ஊரைக் கூட்டி வைத்துப் பார்த்தேன் என்பதா?

உச்சி ஒரு பரந்த பாறை. நடுவே பெரிய சிலுவை. அதன் அடியில், கழுத்தில் ஒலிபெருக்கியோடு, மாமனார். ஏறி வந்தவர்கள் பாறையின் இருமருங்கும் ஒதுங்கி நின்றார்கள். நடுவில் எனக்கென்று ஒரு வழி திறந்திருந்தது. நான் கால் வைத்தேன். இரும்புக் கட்டை வழுக்கிற்று. மூன்றாம் முறையாக, மிதிவண்டியோடு, அவர் காலடியில் விழுந்தேன்.

“மூணு” என்று பின்னால் மேரி அக்காவின் குரல் நிறைவோடு ஒலித்தது.

மாமனார் குனிந்து என்னைப் பார்த்தார். மிதிவண்டியைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். அவர் வாய் திறந்தார். ஒலிபெருக்கியை அணைக்க மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா என்பது எங்கள் வீட்டில் இன்னும் தீராத வழக்கு.

“சைக்கிள எறக்கி வச்சிட்டு எந்திரிங்க, மாப்ள.”

‘மாப்ள’ என்ற சொல் பள்ளத்தாக்கில் இறங்கி, ஆற்றைக் கடந்து, எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது. ஊரே கேட்டது. மேரி அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்ளத் துண்டைத் தேடினார். அது என் இடுப்பில் இருந்தது.

செபம் முடிந்து கஞ்சி ஊற்றினார்கள்; பயறோடு, பாக்குமட்டைத் தட்டில். மாமனார் தாமே ஒரு தட்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டு அருகில் அமர்ந்தார். கனகராஜ் நாகரிகம் தெரிந்தவர். இரண்டாம் தட்டு கஞ்சி வாங்கும் சாக்கில் எழுந்து போய்விட்டார். தட்டைக் கீழே வைத்தேன். நேர்ச்சையும் இல்லை, ஒன்றும் இல்லை, கைபேசியில் வழி பார்த்து வந்து மாட்டிக்கொண்டோம் என்று சொல்லிவிட்டேன்.

“தெரியும்” என்றார். “சி.எஸ்.ஐ.காரன் சிலுவ மலைக்கு நேந்துக்கிட்டான்னா நான் நம்புவனா?”

“பெறகு ஏன் மாமா பேசுனீங்க?”

அவர் தட்டை எடுத்து மீண்டும் என் கையில் வைத்தார்.

“கீழருந்து மேல வரைக்கும் அத்தன சனத்துக்கும் தெரிஞ்சு போச்சு. நான் பேசலன்னா நேர்ச்ச பலிக்கலன்னுல்ல ஆகும்? எனக்கு உங்க மேலதான் கோவம். மலைக்கு எதுக்குக் கெட்ட பேரு?”

தம் கோபத்தைவிடத் தம் மலையைப் பெரிதாக மதித்த மனிதரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மலையைப் பற்றி வாய்க்கால் கரையில் நான் பேசிய பெருமையெல்லாம் அந்தப் பாறையில் மிகச் சிறியதாயிற்று. பிறகு அவர், என்னைப் பார்க்காமல், ஆற்றுப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

“செலினுக்குக் காலு வீங்கியிருக்கா?”

லேசாக வீங்கியிருக்கிறது என்றேன். தலையசைத்தார். அடுத்த வாரம் ஜீப் அனுப்புவதாகச் சொன்னார். எழுந்து நின்று என் மிதிவண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, “இதுல வச்சுக் கூட்டிட்டு வந்துராதீங்க” என்றார்.

மகள் அவர் வீட்டில்தான் கண் விழித்தாள்; முதல் மூன்று மாதம் அங்கேயே வளர்ந்தாள். அவளுக்கு எந்தச் சபையில் ஞானஸ்நானம் என்பது பற்றி அடுத்த போர் மூண்டது. அது வேறு கதை.

ஆனால் மலை என்னை விடவில்லை. கனகராஜ், ஊர் திரும்பியதும், எங்கள் தடத்தை அந்த நிலப்படச் செயலியில் ஏற்றிவிட்டார். ‘நல்ல ஏத்தம், கட்டாயம் போகோணும்’ என்று குறிப்பு வேறு. பொன்கம்பி மேலும் ஒளிர்ந்தது. அதை நம்பி, ஒவ்வொரு தவக்காலத்திலும், கோயம்புத்தூரிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் யாராவது இரண்டு மூன்று பேர் வளைந்த கைப்பிடியோடு அந்தப் பாலத்தைக் கடந்து வந்து, மூன்றாவது சிலுவையருகே திகைத்து நிற்கிறார்கள். தொண்டர் இப்போது வியப்படைவதில்லை. சைக்கிள் நேர்ச்சை எப்படிச் செய்வது என்று அவரே சொல்லிக்கொடுக்கிறார்: காலணியைக் கழற்று, தோளில் வை, நிலைதோறும் இறக்கு. உச்சியில் மாமனார் அவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: “யாரு பேசணும்?” சென்ற ஆண்டு பொள்ளாச்சி இளைஞர் ஒருவர் சிரிக்கப்போய், சட்டென்று நிறுத்தி, நெடுநேரம் யோசித்து, “அண்ணன்” என்றாராம். அவருக்கு இரண்டு தட்டுக் கஞ்சி கொடுத்தார்கள்.

நானும் ஆண்டுதோறும் சுமக்கிறேன், வெறுங்காலில். மலையில் அப்படியொரு நேர்ச்சை இருக்கிறதென்றால் அதைத் தொடங்கிவைத்தவன் நான் என்ற எண்ணம் தோளின் வலியை வெகுவாகக் குறைக்கிறது.

விடுமுறைக்கு மிதிவண்டியோடு சாந்தன்பாறை போய்த் தங்கும்போது மாமனாருக்கும் எனக்கும் இப்போதும் பிணக்கு வருவதுண்டு; வந்தால் அவர் பழைய வழக்கப்படி வாயை இறுக மூடிக்கொள்வார். மாமியார் சமாதானம் பேசுவதில்லை. செலினும் கெஞ்சுவதில்லை. முற்றத்துக்குப் போய், சுவரில் சாய்த்திருக்கும் மிதிவண்டியை உருட்டிவந்து கூடத்தின் நடுவே நிறுத்துவாள். மகள் ஓடிப்போய் ஒரு துண்டை எடுத்துவந்து என்னிடம் நீட்டுவாள். நான் அதை இடுப்பில் சுற்றத் தொடங்குவதற்குள், “சரி, சரி, சாப்பிட வாங்க மாப்ள” என்று அவர் பேசிவிடுவார். என்னதான் கோபமென்றாலும், மலைக்குக் கெட்ட பெயர் வர அவர் விடமாட்டார்.